ஜன்னலை மாற்றும் முன் சுவரையும் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: 40 வயதான, நான்கு மாடி வாடகைக் குடியிருப்புத் தொகுதி. உரிமை வீட்டுவசதி அமைப்பிடம். குடியிருப்பவை குறைந்த வருமானக் குடும்பங்கள். பாதி வீடுகளில் இன்னும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்; மீதி வீடுகளில் 25 ஆண்டுகளுக்கு முன் போட்ட இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்தில் வீடு சூடேறுவதில்லை, சுவரில் பூஞ்சை என்று புகார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூன்றடுக்குக் கண்ணாடி போடலாமா, ஃப்ரேம் பி.வி.சி.யா அலுமினியமா மரமா, எரிசக்தி எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கண்ணாடிகளை மாற்றுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் பலவற்றை முழுதாகப் பிடுங்கத் தேவையிருக்காது. மூன்றடுக்கு என்பது சுவருக்கும் வெப்பக்காப்பு போடும் திட்டம் இருந்தால் மட்டும். காற்றோட்டத்துக்கு வழி செய்யாமல் ஒரு ஜன்னலைக்கூட மாற்றாதீர்கள். மாற்றினால் பூஞ்சைப் புகார் குறைவதற்குப் பதில் கூடும். எந்த ஃப்ரேம் என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது கீலுக்கும் வடிகால் துளைக்கும் ஒதுக்குங்கள். இனி ஏன் என்பதற்கு வருகிறேன்.

ஜன்னல் விற்பவர் முதலில் காட்டும் எண் யு-மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே அது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில் இருக்கும். பூச்சில்லாத, இடையில் வெறும் காற்றுள்ள பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 சுற்றி. வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும், காற்றைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் ஆர்கான் வாயுவும் உள்ள இன்றைய இரட்டைக் கண்ணாடிக்கு 1.1. நல்ல மூன்றடுக்கு என்றால் 0.5 முதல் 0.7 வரை. ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடியின் நடுப்பகுதி எண். ஃப்ரேமையும் கண்ணாடி ஓரத்தையும் சேர்த்து முழு ஜன்னலுக்குக் கணக்கிட்டால் அதே 1.1 என்பது 1.3, 1.4 என்று ஏறிவிடும். சின்ன ஜன்னலில் ஃப்ரேமின் பங்கு அதிகம் என்பதால் இன்னும் மோசம். ஒப்பந்தத்தில் முழு ஜன்னலின் எண்ணையே கேளுங்கள், அதுவும் உங்கள் கட்டடத்தில் உள்ள அளவுக்கு.

இந்த எண்களை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். மொத்தம் 12 சதுர மீட்டர் ஜன்னல், 200 நாள் குளிர்காலம், அந்தக் காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் சராசரி 12 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஜன்னலின் எண் 5 இலிருந்து 1.4-க்கு இறங்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 கிலோவாட் மணி மிச்சம். பழைய இரட்டைக் கண்ணாடியின் 2.8 இலிருந்து 1.4-க்கு இறங்கினால் சுமார் 970. அந்த 1.4-ஐயும் தாண்டி மூன்றடுக்கில் 0.9-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 350 மட்டும். முதல் படியில் கிடைக்கும் லாபம் கடைசிப் படியில் கிடைக்கும் லாபத்தைப் போல ஏழு மடங்கு. கையில் இருக்கும் பணத்தைப் பாதி வீடுகளுக்கு மூன்றடுக்காகப் போடுவதா, எல்லா ஒற்றைக் கண்ணாடி வீடுகளுக்கும் நல்ல இரட்டைக் கண்ணாடியாகப் போடுவதா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, இத்தனை ஆண்டில் போட்ட முதல் திரும்பும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குளிரும் வீட்டில் வாழும் ஏழைக் குடும்பம் கணக்குப் புத்தகம் சொல்லும் அளவுக்கு வெப்பமூட்டியை ஓட்டுவதில்லை. ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்றதை அடைத்து வைக்கும். 20 டிகிரிக்குப் பதில் 16-இல் போர்வையோடு உட்கார்ந்திருக்கும். ஜெர்மானிய வீடுகளை ஆராய்ந்து சுனிக்கா-பிளாங்க், கேல்வின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012-இல் வெளியிட்ட கட்டுரை, கணக்கிட்ட அளவைவிட உண்மையான பயன்பாடு சராசரியாக 30 சதவீதம் குறைவு என்று காட்டியது. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி பெரிது. செலவழிக்காத எரிபொருளை மிச்சப்படுத்த முடியாதல்லவா? புதிய ஜன்னல் வந்தபின் அந்தக் குடும்பம் இரண்டாவது அறையையும் சூடாக்கும். ரசீது பெரிதாகக் குறையாது, ஆனால் குழந்தை படிக்க ஒரு அறை கிடைக்கும். என்னைக் கேட்டால் இது திட்டத்தின் தோல்வியே இல்லை. ஆனால் பணம் போட்டவர் நீங்கள், பலன் போவது குடியிருப்பவருக்கு. ஆகவே உங்கள் பக்கத்து நியாயத்தை எரிபொருள் மிச்சத்தில் தேடாமல், அடுத்த 30 ஆண்டுப் பழுதுபார்ப்புச் செலவில் தேடுங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. 1.2 மீட்டர் சதுர ஜன்னலின் கதவைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மொத்தத் திறப்பு 48 சதுர சென்டிமீட்டர். சுவரில் ஏழு சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் ஓட்டை போட்டது போலத்தான். பழைய ஜன்னலருகே உட்கார்ந்தால் கழுத்தில் படும் குளிர் பெரும்பாலும் இந்தக் கசிவுதான். கண்ணாடியைப் பழிப்பதில் பயனில்லை. அதனால்தான், முழுதாக மாற்றும் முன் ஜன்னல் ஜன்னலாக ஆய்வு செய்யச் சொல்கிறேன். இரு கண்ணாடிகளுக்கும் நடுவே பனி போல மங்கல் இருந்தால் ஓரத்தை ஈரம் புகாமல் மூடும் பசை (சீல்) போய்விட்டது. ஃப்ரேம் நேராகவும் உறுதியாகவும் இருந்தால் கண்ணாடித் தொகுப்பை மட்டும் மாற்றலாம், அதே இடத்தில் பூச்சும் ஆர்கானும் உள்ள புதியதைப் பொருத்தலாம். கதவு தொங்கிப்போயிருந்தால் கீல். ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தாராளமாக வருகிறதா, ரப்பர் பட்டை இறுகிச் செத்துவிட்டது. இந்த மூன்றும் பகுதி வேலைகள். குடியிருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் ஒரு மணி நேரத்தில் முடியக்கூடியவை. ஃப்ரேமே வளைந்திருந்தாலும், மரம் உளுத்திருந்தாலும், நடுவில் வெப்பத்தடுப்பு இல்லாத பழைய அலுமினியமாக இருந்தாலும் பேச்சே இல்லை, முழு மாற்றம்தான்.

இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புத் (குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகள்) தர விதிகளில் ஜன்னலின் ஆயுளாகத் தனி வீட்டுக்கு 40 ஆண்டும் அடுக்குமாடிக்கு 30 ஆண்டும் வைத்திருக்கிறார்கள். திட்டமிட அது உதவும் எண்; ஆனால் வயது மட்டும் ஜன்னலைத் தள்ளுபடி செய்யக் காரணமாகாது என்று அதே விதி சொல்கிறது, நிலைமையும் மோசமாக இருக்க வேண்டும். தெற்குப் பக்கம் மழையும் வெயிலும் வாங்கிய ஜன்னல் 20-இல் போகும்; உள்முற்றத்து ஜன்னல் 40 தாண்டியும் நிற்கும். ஒரே தொகுதி, ஒரே நாள் மாற்றம் என்பது ஒப்பந்ததாரருக்கு வசதி, உங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை.

இப்போது பூஞ்சை. உங்கள் கேள்வியில் இதுதான் கனமான பகுதி. நான்கு பேர் வாழும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்துதல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அது எங்காவது போயாக வேண்டும். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில், அறையின் ஈரப்பதம் 37 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணாடி வியர்க்க ஆரம்பித்துவிடும். காலையில் துணியால் துடைத்துப் பிழிகிறார்களே, அந்தத் தண்ணீர் சுவரில் இறங்காமல் கண்ணாடியில் இறங்கியது. கூடவே இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த, வறண்ட வெளிக்காற்று நாள் முழுதும் வந்துபோனது. மோசமான ஜன்னல் தன்னையறியாமல் வீட்டை உலர்த்திக்கொண்டிருந்தது.

இப்போது அதை எடுத்துவிட்டுப் புதிய இரட்டைக் கண்ணாடி போடுகிறீர்கள். கண்ணாடியின் உள்பக்கம் 17 டிகிரி, வியர்க்காது. இடுக்கும் இல்லை. அறையின் ஈரப்பதம் 50, 60 என்று ஏறுகிறது. வெப்பக்காப்பு இல்லாத வெளிச்சுவரின் மூலை அதே நாளில் 12 டிகிரியில்தான் இருக்கும்; அலமாரிக்குப் பின்னால் இன்னும் குறைவு. பூஞ்சை வளரத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை, பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் பல நாள் நின்றால் போதும். அறையில் 50 சதவீத ஈரம் இருக்கும்போது 12.6 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் அந்த நிலையை எட்டிவிடும். ஆக, புதிய ஜன்னல் வந்த முதல் குளிர்காலத்திலேயே சுவர் மூலை கறுக்கிறது. குடியிருப்பவர் ஜன்னலைக் குறை சொல்வார், நீங்கள் அவர் துணி உலர்த்துவதைக் குறை சொல்வீர்கள். இருவரும் தவறு. வீட்டின் மிகக் குளிர்ந்த பரப்பு ஜன்னலிலிருந்து சுவருக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதை விதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஜெர்மனியின் டின் 1946-6 தரத்தின்படி, ஓர் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் காற்றோட்டத் திட்டம் ஒன்று தயாரித்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், ஜன்னல் மாற்றியபின் வீட்டின் காற்றோட்டம் முன்பைவிட மோசமாகக் கூடாது என்ற விதி இறுக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் ஃப்ரேமின் மேல் விளிம்பிலேயே சின்னக் காற்றுத்துளைகள் வைத்தாக வேண்டும். அதே நாட்டில், ராச்டேல் நகரில் 2020-இல் பூஞ்சை படிந்த சமூகக் குடியிருப்பு வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அதைத் தொடர்ந்து வந்த, அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் அவாப் சட்டம், ஈரம், பூஞ்சைப் புகார்களைக் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து சரிசெய்ய வேண்டும் என்று சமூக வீட்டு உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. துணியை வெளியில் உலர்த்துங்கள் என்று துண்டறிக்கை கொடுத்துக் கைகழுவும் காலம் முடிந்தது.

நடைமுறையில் என்ன செய்வது? ஃப்ரேமில் காற்றுத்துளை, சமையலறையிலும் குளியலறையிலும் ஈரப்பதம் பார்த்துத் தானே ஓடும் வெளியேற்று விசிறி, உள்கதவுகளின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். விசிறி இல்லாத துளை பாதி வேலைதான் செய்யும். துளையைத் தலைக்கு மேலே வையுங்கள். கட்டிலுக்கு நேராக, தாழ்வாக வைத்தால் முதல் குளிர் இரவிலேயே டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள், நானும் அதைத்தான் செய்வேன். விசிறி சத்தம் போட்டால் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். சத்தமில்லாத விசிறிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது.

ஜன்னலைச் சுவரில் எங்கே பொருத்துவது என்பது அடுத்தது. பழைய ஃப்ரேம் நின்ற அதே இடத்தில் புதியதை வைத்து ஓரத்தை நுரையால் அடைப்பதுதான் வழக்கம். பின்னாளில் சுவருக்கு வெளியே வெப்பக்காப்பு போடுவீர்களானால் அந்த இடம் தவறாகிவிடும்: காப்புப் பலகை சுவரில் நிற்கும், ஜன்னல் உள்ளே தள்ளி நிற்கும், நடுவிலுள்ள சுவர் விளிம்பு வெப்பத்தை வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். சரியான இடம், ஃப்ரேம் காப்புப் படலத்தின் வரிசையில் நிற்பதும் காப்புப் பலகை ஃப்ரேமின்மேல் சில சென்டிமீட்டர் ஏறி நிற்பதும்தான். சுவர் வேலை ஐந்து ஆண்டு கழித்துத்தான் என்றால், இப்போதே அகலமான வெளிவிளிம்புள்ள ஃப்ரேமைத் தேர்ந்து, அடிப்பலகையை நீட்டிக்க இடம் விட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே சாரத்தில் செய்ய முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. நெதர்லாந்தில் தொடங்கிய எனர்ஜிஸ்ப்ராங் முறையில் சமூக வீட்டுவசதி அமைப்புகள், ஜன்னலும் காப்பும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட முழு முகப்புப் பலகையைக் கொண்டுவந்து பழைய வீட்டின்மேல் மாட்டுகின்றன. அடுக்குமாடிக்கு அது எப்போதும் பொருந்தாது. ஆனால் ஜன்னலும் சுவரும் ஒரே வேலை என்ற பாடம் எல்லோருக்கும் பொருந்தும்.

இந்த இணைப்பில் வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. லண்டனின் கிரென்ஃபெல் டவர் சமூகக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று தீயில் 72 பேர் இறந்தார்கள். 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் ஜன்னல்களைப் பழைய இடத்திலிருந்து வெளிப்பக்கமாக, சுவருக்கு வெளியே மாட்டிய புதிய உறையின் வரிசைக்கு நகர்த்தியிருந்தார்கள். அதனால் பழைய சுவருக்கும் புதிய ஃப்ரேமுக்கும் நடுவே உண்டான இடைவெளியை பி.வி.சி. பட்டைகள் மூடியிருந்தன. தீ மளமளவென்று ஏறக் காரணம் எளிதில் எரியும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் நிறைந்த வெளி உறை. ஆனால் சமையலறையில் பிடித்த தீ அந்த உறைக்குள் நுழைந்தது, ஜன்னல் பக்கத்து பி.வி.சி. வெப்பத்தில் இளகி விழுந்த இடம் வழியாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று 2019-இல் வந்த விசாரணையின் முதல் கட்ட அறிக்கை முடிவு செய்தது. உயரமான கட்டடத்தில் ஜன்னலை நகர்த்தினால், திறப்பைச் சுற்றி எரியாத பொருளில் தீத்தடுப்பு வேண்டும். காப்பும் எரியாத வகையாக இருக்க வேண்டும். தீப் பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்திடாத வரைபடத்தை ஏற்காதீர்கள். இதில் சமரசமே கிடையாது.

இனி ஆயுள். ஜன்னலில் முதலில் சாவது கண்ணாடியோ ஃப்ரேமோ அல்ல, அசையும் உலோகமும் ரப்பரும்தான். ஐரோப்பியத் தரம் இ.என். 12400, ஜன்னலை எத்தனை தடவை திறந்து மூடலாம் என்று வகுக்கிறது: இரண்டாம் வகுப்பு 10,000 தடவை, மூன்றாம் வகுப்பு 20,000. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று 30 ஆண்டுக்குப் போட்டால் 21,900 வருகிறது. அப்படியிருக்கக் குடும்பங்கள் நெருக்கி வாழும் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு 10,000 எப்படிப் போதும்? துருத் தாங்கும் திறனுக்கு இ.என். 1670 என்று ஒரு தரம். அதில் நான்காம் நிலை 240 மணி நேரம் உப்புத் தூவல் தாங்கும், ஐந்தாம் நிலை 480. கடலோரம் என்றால் ஐந்துக்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் துருப்பிடிக்காத எஃகு.

சிறிய பாகம் என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மக்களில் பெரும்பாலோர் வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். கீலைப் பிடித்திருந்த அலுமினிய ரிவெட்டுகள் (தட்டி இறுக்கும் ஆணிகள்) அரித்துப்போய் ஜன்னல் கதவுகள் மேலிருந்து விழ ஆரம்பித்தன. 2004-இல், கீல் ஜன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகள் அத்தனையையும் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்ற வேண்டும் என்று அரசு சட்டமாகவே போட்டது. நகம் அளவு உலோகத் துண்டு. முழு ஜன்னலின் ஆயுளும் தெருவில் நடப்பவரின் உயிரும் அதில்தான் தொங்கின.

மூன்றடுக்குக் கண்ணாடியில் எனக்குள்ள தயக்கமும் இங்கேதான் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் கனக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. நான்கு மி.மீ. கண்ணாடி இரண்டு என்றால் 20 கிலோ, மூன்று என்றால் 30. 1.2 மீட்டர் சதுரக் கதவில் இது 29 கிலோவுக்கும் 43 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். கீல் முழுநேரமும் அந்த எடையைச் சுமக்கிறது, வயதான பெண்மணி தினமும் அதை இழுத்து மூடுகிறார். போடுவதானால் கதவின் அகலத்தைக் குறையுங்கள், ஒரு பகுதியைத் திறக்காத நிலைக் கண்ணாடியாக்குங்கள், கீலின் சுமை வகுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

கண்ணாடித் தொகுப்பு மங்கிப்போவதற்கும் பெரும்பாலும் காரணம் கண்ணாடிக்கு வெளியேதான். இரு கண்ணாடிகளையும் ஓரத்தில் ஒரு பட்டை பிரித்து வைக்கிறது. அதை பியூட்டைல் பசை மூடி, அதன்மேல் இன்னொரு சீல். ஓரம் தண்ணீரில் நின்றால் இந்தப் பசை காலப்போக்கில் பிடிப்பு விடும், ஈரம் உள்ளே போகும், ஆர்கான் வெளியே வரும். நல்ல தொகுப்பில் ஆர்கான் கசிவு ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இ.என். 1279 தரம். அது நிற்க வேண்டுமானால் ஃப்ரேமின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. வடிகால் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். கண்ணாடி நேரடியாக ஃப்ரேமில் உட்காராமல் சிறு கட்டைகளின்மேல் உட்கார வேண்டும். பூச்சு வேலையில் சிமெண்ட் போட்டு அந்தத் துளைகளை மூடிவிடுவது சகஜம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஓரப்பட்டை அலுமினியமாக வேண்டாம். பிளாஸ்டிக் கலந்த, வெப்பம் குறைவாகக் கடத்தும் வகை கேளுங்கள், கண்ணாடி ஓரத்தில் நீர் கோர்ப்பது குறையும்.

ஃப்ரேம் விவாதத்தை நீட்ட விருப்பமில்லை. பி.வி.சி. வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், வர்ணம் கேட்காது, விலையும் குறைவு. ஆனால் சூட்டில் நீளும்: மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 மி.மீ. இரண்டு மீட்டர் துண்டு 40 டிகிரி மாற்றத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அடர்நிற உறை ஒட்டியது வெயிலில் இன்னும் சூடேறும். ஆகவே பெரிய திறப்புக்கு உள்ளே எஃகு வலுவூட்டல் இருக்க வேண்டும், வெள்ளையே நல்லது. அலுமினியம் உறுதி, மெலிதாக இருக்கும், உயர மாடிக்குப் பொருந்தும். நடுவில் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன வெப்பத்தடுப்பு அகலமாக இல்லையென்றால் அது வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் உலோகம்தான். மரம், பராமரிக்க ஆள் இருந்தால் மற்ற இரண்டையும்விட அதிக நாள் வாழும்; பழுதான பகுதியை மட்டும் வெட்டி ஒட்டலாம், வேறு எதிலும் அது முடியாது. ஆனால் வாடகைக் குடியிருப்பில் வர்ணம் பூசும் சுழற்சியைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வெளியே அலுமினிய உறை போர்த்திய மரம் நல்ல நடுவழி, பணம் இருந்தால். நான்கு மாடி, இறுக்கமான பட்ஜெட் என்றால் நல்ல வலுவூட்டலுள்ள வெள்ளை பி.வி.சி.யில் கீலை ஒரு படி உயர்த்தி வாங்குவதே என் தேர்வு.

கோடையை மறந்துவிடாதீர்கள். கண்ணாடி எவ்வளவு சூரிய வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு, ஜி-மதிப்பு என்பார்கள். மேற்குப் பார்த்த படுக்கையறையில் பெரிய, இறுக்கமான ஜன்னலைப் போட்டுவிட்டு 0.6 ஜி-மதிப்பை (படும் வெப்பத்தில் 60 சதவீதம் உள்ளே வரும்) விட்டால் ஜூலை இரவில் யாரும் தூங்க முடியாது. இருண்ட கண்ணாடியைவிட வெளிப்பக்கத் திரையோ தட்டியோ மேல், குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடலாம். கூடவே, இரவில் பாதுகாப்பாகத் திறந்து வைக்க வழி வேண்டும்: குழந்தைகள் விழாமல் 100 மி.மீ.க்கு மேல் திறக்காத தடுப்பான். பெரியவர் மட்டும் விடுவிக்கக்கூடியது. உள்ளிருந்தே துடைக்கும்படி உட்பக்கம் திரும்பும் கதவும் மேல் மாடிகளுக்குத் தேவை.

வேலை நடக்கும் நாட்களைப் பற்றி. முதலில் பழைய பசையையும் ஜன்னலடிப் பலகையையும் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள்: ஆஸ்பெஸ்டாஸ், ஈய வர்ணம் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆட்களை இடம் மாற்றத் தேவையில்லை. பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் சமூகக் குடியிருப்பின் 530 வீடுகளைக் கட்டடக் கலைஞர்கள் லகட்டான், வாசால் இருவரும் துருவோ, உத்தான் ஆகியோருடன் சேர்ந்து மாற்றியமைத்தபோது, சிறிய ஜன்னல்களை எடுத்துவிட்டுப் பெரிய சறுக்குக் கதவுகளும் அவற்றுக்கு வெளியே கண்ணாடி அடைத்த முன்கூடங்களும் வைத்தார்கள். மக்கள் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். 2019-இல் ஐரோப்பியக் கட்டடக் கலைக்கான மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குக் கிடைத்தது. உங்கள் வேலை அதில் சிறு பங்குதான். ஒரு வீட்டை ஒரே நாளில், காலையில் பழையது போய் மாலைக்குள் புதியது பூட்டக்கூடிய நிலையில் முடிக்கலாம்.

எல்லா வீடுகளுக்கும் முன், காலியாக உள்ள ஒரு வீட்டிலும் ஆள் இருக்கும் இரண்டு வீடுகளிலும் செய்து பாருங்கள். காலி வீட்டில் விசிறி வைத்து அழுத்தச் சோதனை நடத்தி ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவே கசிவு தேடுங்கள். ஆள் இருக்கும் வீடுகளில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் சிறு கருவிகளை மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே வைத்து, ஒரு குளிர்காலம் முழுதும் விட்டு வையுங்கள். படுக்கையறையில் ஈரப்பதம் நாள்கணக்கில் 60-க்கு மேல் நின்றால் மீதி வீடுகளுக்குப் போகும் முன் காற்றோட்டத்தைத் திருத்துங்கள்.

ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லும் கடைசி விஷயம், பெரும்பாலோர் விட்டுவிடுவது: கீல், கைப்பிடி, பூட்டு, ரப்பர் பட்டை ஆகியவற்றின் தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், கண்ணாடியின் அளவு எல்லாம் எழுதிய அழியாத ஒட்டி ஒவ்வொரு ஃப்ரேமின் உள்விளிம்பிலும் இருக்க வேண்டும். மொத்தத்தில் இரண்டு, மூன்று சதவீத உதிரிபாகங்களை வேலை முடியும் அன்றே கிடங்கில் வாங்கி வையுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து ஒரு கீல் போகும்போது அந்த மாதிரி சந்தையில் இருக்காது. கிடங்கிலும் இல்லையென்றால், ஒரு கீலுக்காக முழு ஜன்னலையும் தூக்கிப் போட வேண்டிவரும்.